பத்து சிகரெட்டும் ஒரு தளபதியும்

சிகரெட் உறைக்குள் படைத்தளபதிகள் குடியேறியதற்கு முதற்காரணம் வீரவழிபாடு இல்லை, உறையின் காகிதம் மெல்லியதாக இருந்ததுதான். 1870-களின் இறுதியில் அமெரிக்காவில் பத்துப் பத்தாகக் கட்டி விற்ற சிகரெட்டுகள் சட்டைப்பையில் நசுங்கிப்போயின. நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். செருகிய அட்டை வெறுமனே இருப்பானேன் என்று அதில் கம்பெனிப் பெயரை அச்சிட்டார்கள். பிறகு நடிகைகள் வந்தார்கள். பின்னாலேயே பறவைகள், கொடிகள், குத்துச்சண்டைக்காரர்கள், கடற்கொள்ளையர்கள், சிப்பாய்கள். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்டு ஜின்டர், வட கரோலினாவில் டர்ஹம் நகரத்து டியூக், நியூயார்க்கின் கின்னி சகோதரர்கள் என்று ஆளாளுக்கு 1880-களின் நடுவில் இந்தப் பந்தயத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் வண்ண லித்தோ அச்சு அப்போது உச்சத்தில் இருந்தது. ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டையில் ஒரு குதிரைப்படை அதிகாரியின் தோள்பட்டைக் குஞ்சம்வரை தெளிவாக விழுந்தது. நாளிதழ்களெல்லாம் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில், சாதாரண வீடுகளுக்குள் இலவசமாக நுழைந்த வண்ணப்படங்கள் இவை.

இந்தப் படைவீரர் அட்டைகள் போரைப் புகழ்ந்தன, சிறுவர்களுக்குச் சிப்பாய் ஆசை காட்டின என்று சொல்லிவிடுவது எளிது. அட்டைகளை வரிசையாகப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு நிற்காது. அவற்றில் போரே அதிகம் இல்லை. போர்க்களக் காட்சிகளை அச்சிட்ட தொடர்களும் உண்டுதான், ஆனால் பெரும்பான்மையானவற்றில் இருப்பது நிற்கும் மனிதன், அவன் தொப்பி, அவன் பொத்தான்கள், கீழே ஒரு பெயர். கொல்பவனும் இல்லை, சாகிறவனும் இல்லை. இவ்வளவு சாதுவான படங்கள் எதைச் செய்திருக்க முடியும்? படம் செய்ததைவிட, அந்தப் படம் ஐம்பதில் ஒன்று என்ற ஏற்பாடுதான் அதிகம் செய்தது என்பது என் வாதம். தொடர் என்ற வடிவம் போரைப் பற்றிய 'எதற்காக' என்ற கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் 'இன்னும் எது கிடைக்கவில்லை' என்ற கேள்வியைப் பொருத்தியது.

அந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இயந்திரத்திடம் போக வேண்டும். கைதேர்ந்த ஒரு தொழிலாளி ஒரு நாளில் சுமார் 3,000 சிகரெட் சுற்றுவார். ஆட்களின் கூலியைக் குறைக்க வழி தேடிய ஆலன் அண்டு ஜின்டர், சிகரெட் சுற்றும் இயந்திரம் செய்து தருபவருக்கு 75,000 டாலர் பரிசு அறிவித்தது. ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் செய்து காட்டினார். 1881-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் இயந்திர சிகரெட்டை வாடிக்கையாளர் ஏற்கமாட்டார் என்று அந்தக் கம்பெனி பின்வாங்கிக்கொள்ள, டர்ஹமின் ஜேம்ஸ் டியூக் அதை எடுத்துக்கொண்டார். 1884-இல் அவருடைய ஆலையில் அது பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகளைத் துப்பியது. நாற்பது பேர் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது, 1883-இல் அரசு வரியையும் குறைத்திருக்கிறது, பத்து சிகரெட் ஐந்து சென்ட்டுக்கு வந்துவிட்டது. இப்போது சிக்கல் உற்பத்தியில் இல்லை, இத்தனையையும் யார் ஊதுவது என்பதில்தான். புகையிலையை மெல்லுவதும் சுருட்டும் பைப்பும் வழக்கமாக இருந்த நாட்டில் சிகரெட் என்பது பட்டணத்துப் பழக்கம். ஒரு கம்பெனியின் சிகரெட்டுக்கும் இன்னொன்றுக்கும் ருசியில் பெரிய வேறுபாடும் கிடையாது. இந்த நிலையில் டியூக் 1889-இல் மட்டும் விளம்பரத்துக்கு 8 லட்சம் டாலர் செலவழித்தார். ஒருமுறை வாங்கியவனை அதே கடையில் அதே பெயரை மறுபடி கேட்கவைக்க வேண்டும். அதற்கு முழுமை பெறாத ஒரு வரிசையைப் போல உதவக்கூடியது வேறெதுவும் இல்லை.

ஆலன் அண்டு ஜின்டர் அட்டைகளின் பின்பக்கத்தை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அங்கே அந்தத் தொடரில் உள்ள ஐம்பது பெயர்களும் பட்டியலாக அச்சாகியிருக்கும். முன்பக்கம் நீங்கள் பெற்றதைக் காட்டுகிறது, பின்பக்கம் பெறாத நாற்பத்தொன்பதையும் நினைவூட்டுகிறது. கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் படங்கள் முழுவதும் அடங்கிய அழகான ஆல்பமும் கிடைத்தது. தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறை நம்மிடமும் உண்டு, ஆகவே இந்த அரிப்பை விளக்கத் தேவையில்லை. ஆனால் பறவைக்கும் தளபதிக்கும் ஒரே இலக்கணம் பொருந்துமா? ஐம்பது பறவைகளை ஒரே அளவில் வரிசைப்படுத்தினால் பறவைகளுக்கு எந்த அநீதியும் நேர்வதில்லை. குருவி எதற்காகக் குருவியாக இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு தளபதி அப்படிப்பட்டவர் இல்லை. அவர் ஏதோ ஒன்றுக்காகச் சண்டையிட்டார் என்பதாலேயே தளபதி. அதை நீக்கிவிட்டு அவரைச் சட்டகத்துக்குள் வைத்தால் மிஞ்சுவது தாடியும் சீருடையும்தான்.

1888-இல் டியூக் கம்பெனி தளபதிகளின் சுருக்க வரலாறு என்று ஐம்பது குட்டிப் புத்தகங்களை வெளியிட்டது. அட்டை அளவு, சில பக்கங்கள், மேலே தளபதியின் வண்ணப்படம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டு பக்கத்துத் தளபதிகளும் அதில் சரிசமமாக வந்தார்கள். வடக்கின் கிராண்டும் உண்டு, தெற்கின் ராபர்ட் லீயும் உண்டு. போர் முடிந்து இருபத்துமூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர் அது, நாற்பது லட்சம் அடிமைகள் இன்னும் பிறர் உடைமையாக இருக்கலாமா கூடாதா என்பதை முடிவுசெய்த போர். அந்தப் புத்தகங்களின் வரிசையில் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. ஒரே அளவு, ஒரே விலை, ஒரே மரியாதை. 'தளபதிகள்' என்று தலைப்பைத் தேர்ந்தெடுத்ததே பாதி வேலையை முடித்துவிட்டது. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போராடினார்கள், ஆனால் அவர்களில் ஒருவரும் தளபதி ஆக்கப்படவில்லை. ஆகவே யாரையும் வெளிப்படையாக விலக்காமலேயே அந்தப் போரின் மையமான மனிதர்கள் தொடருக்கு வெளியே நின்றார்கள். பட்டியல் நேர்மையானதாகவே தோற்றமளிக்கும். விலக்கும் வேலையைத் தலைப்பு பார்த்துக்கொள்ளும்.

இதை வெளியிட்டது யார் என்பதும் தற்செயல் இல்லை. டர்ஹம் புகையிலையின் புகழே போரில் பிறந்தது. 1865 ஏப்ரலில் அந்த ஊருக்கு அருகிலிருந்த பென்னட் பண்ணைவீட்டில் தெற்கின் ஜான்ஸ்டன் வடக்கின் ஷெர்மனிடம் சரணடையப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தபோது, காத்திருந்த இருதரப்புச் சிப்பாய்களும் ஜான் கிரீன் என்பவரின் கிடங்கிலிருந்த புகையிலையைச் சூறையாடினார்கள். ஊர் திரும்பிய பிறகு அதே புகையிலை வேண்டுமென்று டர்ஹத்துக்குக் கடிதங்கள் எழுதினார்கள். ஜேம்ஸ் டியூக்கின் தந்தை வாஷிங்டன் டியூக் தெற்கின் படையில் சேர்க்கப்பட்டு, பிடிபட்டு, விடுதலையாகி, நூறு மைலுக்கு மேல் நடந்தே வீடு திரும்பிப் புகையிலை வியாபாரத்தைத் தொடங்கியவர். ரிச்மண்டின் லூயிஸ் ஜின்டரும் தெற்கின் படைக்கு உணவுப்பொருள் வழங்கும் அதிகாரியாக இருந்தவர். தோற்ற பக்கத்திலிருந்து வந்த முதலாளிகள் வென்ற பக்கத்துப் பட்டணங்களில் சரக்கை விற்க வேண்டியிருந்தது. கிராண்டை விட்டால் நியூயார்க் முகம் சுளிக்கும், லீயை விட்டால் ரிச்மண்ட் வாங்காது. இருவரையும் வைத்தால் இரண்டு சந்தையும் கைக்குள் வரும். பெரிய சதித்திட்டம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. கல்லாப்பெட்டியின் கணக்கு போதுமாயிருந்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். சமரசம் அப்போது நாடெங்கும் காற்றில் இருந்தது, அட்டைகள் அதைப் பிரதிபலித்தனவே தவிர உண்டாக்கவில்லை என்று. மறுப்பில் உண்மை இருக்கிறது. 1877-இல் தெற்கிலிருந்து மத்தியப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 1885-இல் கிராண்டின் சவ ஊர்வலத்தில் அவருடைய பழைய எதிரிகளான ஜான்ஸ்டனும் பக்னரும் ஷெர்மனோடு சேர்ந்து பங்கேற்றார்கள். 'செஞ்சுரி' மாத இதழ் 1884 முதல் இரு பக்கத்துத் தளபதிகளையும் எழுதவைத்து விற்பனையைப் பெருக்கிக்கொண்டது. ஆக, டியூக் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 'செஞ்சுரி' இதழில் எழுதியவர்கள் வாதிட்டார்கள்; எந்த முடிவு தவறு, எந்தக் கட்டளை தாமதமானது என்று ஒருவரையொருவர் மறுத்தார்கள். வாசகர் ஒரு பக்கம் சாய முடியும். அட்டை வாதிடுவதில்லை, ஆகவே அதை யாரும் மறுக்கவும் முடியாது. அந்தப் போரில் சரியான பக்கம் ஒன்றும் தவறான பக்கம் ஒன்றும் இருந்தன, அதை மறக்கக் கூடாது என்று கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1878-இல் நியூயார்க்கில் நின்று பேசினார். ஒரு சொற்பொழிவை இன்னொரு சொற்பொழிவால் எதிர்கொள்ளலாம். ஐந்து சென்ட் பொட்டலத்திலிருந்து லட்சக்கணக்கில் விழும் அட்டைகளுக்கு அவர் எங்கே நின்று பதில் சொல்வது? பிரதிபலிப்பு என்ற சொல் கண்ணாடிக்குப் பொருந்தும். இது அச்சுக்கூடம், ஒன்றை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதும் அங்கே ஒரு செயல்தான்.

கின்னி சகோதரர்களின் இராணுவத் தொடர் இதன் இன்னொரு எல்லை. ஸ்வீட் கேப்பரல் சிகரெட்டோடு வந்த அந்த வரிசையில் 600-க்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. பல நாட்டுப் படைகள், அமெரிக்கப் புரட்சிக்காலச் சீருடைகள், பல மாநிலங்களின் தன்னார்வப் படைப்பிரிவுகள் எல்லாம் ஆளுக்கொரு அட்டை. இங்கே பெயருள்ள மனிதரே இல்லை, உடுப்பு மட்டும்தான். வெளிநாட்டுச் சிப்பாயும் உள்ளூர்ச் சிப்பாயும் தையற்காரரின் மாதிரிப் புத்தகத்திலிருந்து வந்தவர்கள்போல நிற்கிறார்கள். அந்த மாநிலப் படைப்பிரிவுகள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தன? 1877-இல் ரயில்வே தொழிலாளர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த படைப்பிரிவு பிட்ஸ்பர்கில் கூட்டத்தின்மீது சுட்டதில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பெருநகரங்களில் கோட்டைபோன்ற படைக் கொட்டில்கள் எழும்பின. நியூயார்க்கின் ஏழாம் படைப்பிரிவுக்குச் செல்வந்தர்கள் பணம் போட்டுக் கட்டிய கொட்டில் 1880-இல் திறக்கப்பட்டது. ஐந்து சென்ட் கொடுத்து அந்த அட்டையை வாங்கியவர்களில், நாளை வேலைநிறுத்தம் செய்தால் அதே சீருடையை எதிரில் காணக்கூடிய ஆட்களும் இருந்திருப்பார்கள். படத்தில் அந்தச் சிப்பாய் யாரையும் குறிபார்க்கவில்லை. நேராக நிமிர்ந்து, ஓவியருக்காக நிற்கிறான்.

எனக்கு மிகவும் உறுத்துவது 1888-இல் ஆலன் அண்டு ஜின்டர் வெளியிட்ட அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களின் தொடர். ஐம்பது அட்டைகள், சிட்டிங் புல், ஜெரோனிமோ, சீஃப் ஜோசப் எல்லாரும் அதில் வருகிறார்கள். இறகுக் கிரீடமும் முகச்சாயமும் அச்சுக்கலைக்கு விருந்து. வண்ணம் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டில் ஜெரோனிமோ அலபாமாவில் போர்க்கைதி. 1886 செப்டம்பரில் சரணடைந்தவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கைதியாகவே இறந்தார். சிட்டிங் புல் 1890 டிசம்பர் 15 அன்று கைதுசெய்ய வந்த காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வாரத்தில், அமெரிக்கப் படை பூர்வகுடிகளைச் சுட்டுக் குவித்த வூண்டட் நீ படுகொலை. அதாவது போர் இன்னும் முடியாதபோதே அட்டை வந்துவிட்டது. உள்நாட்டுப் போர் அட்டைகளை 'மறதி' என்று சொல்லலாம். இங்கே மறப்பதற்கு முன்பே சேகரிப்பு தொடங்கிவிட்டது. உயிரோடிருக்கும் எதிரியை அருங்காட்சியகப் பொருளாக்க ஐம்பதில் ஒன்று என்ற எண்ணிக்கையே போதும். புகையிலையை வெள்ளையருக்கு முதலில் அறிமுகம் செய்தவர்களே அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள்தான் என்பதை ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவை ஒரு கலைக்களஞ்சியமாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. உலகின் கொடிகள், நாடுகளின் சின்னங்கள், தலைநகரக் கட்டடங்கள் எல்லாம் அவர்களுக்கு இந்த வழியாகத்தான் தெரிந்தன. கடை வாசலில் நின்று பெரியவர்களிடம் அட்டை கேட்ட சிறுவர்களைப் பற்றிப் பெரியவர்களுக்குக் கவலையும் இருந்தது. வயது குறைந்தோருக்கு சிகரெட் விற்கக் கூடாதென்று பல மாநிலங்கள் சட்டம் இயற்றின. கற்றல் நடந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எந்த வகைக் கற்றல் என்பதுதான் கேள்வி. அட்டை ஒரு படையின் நிறத்தைக் கற்றுக்கொடுத்தது, அந்தப் படை எந்த ஊருக்குள் எதற்காகப் புகுந்தது என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இடம் போதாது என்று சொல்ல முடியாது, டியூக்கின் புத்தகங்களில் பக்கங்கள் இருந்தன. ஒன்றைப் பற்றித் தெரியும் என்ற நிறைவை அட்டை கொடுத்துவிடுகிறது. அந்த நிறைவுக்குப் பிறகு கேள்வி கேட்கிற பிள்ளை அபூர்வம்.

நான் அட்டைகளுக்கு அதிகமாகவே பொருள் ஏற்றுகிறேன், வியாபாரிகளுக்கு வரலாற்றைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கலாம். பிரிட்டனில் நடந்த ஒன்று இதற்குப் பதில் சொல்லும். அமெரிக்க வழக்கம் அங்கே பரவி, 1895-இல் பிரிஸ்டலின் வில்ஸ் கம்பெனி கப்பல்களும் மாலுமிகளும், உலகச் சிப்பாய்கள் என்று தொடர்கள் வெளியிட்டது. லிவர்பூலின் ஆக்டன் கம்பெனி கினி கோல்ட் சிகரெட்டில் புகைப்பட அட்டைகளாகவே போட்டது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ராபர்ட்ஸும் கிச்சனரும் மட்டுமின்றி எதிர்த்தரப்பின் க்ரூகரும் அதில் இடம்பெற்றார்கள். 1901-இல் அதே ஆக்டன் கம்பெனியை விலைக்கு வாங்கியவர் டியூக், ஆகவே பேரரசின் தளபதிகளை அமெரிக்கர் ஒருவர் பிரிட்டிஷாருக்கே விற்றார். பிறகு 1915 வந்தது. வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்காக வில்ஸ் ஒரு தொடரை அச்சிட்டு வைத்திருந்தது. ஆனால் முதல் உலகப்போர் நடந்த அந்த ஆண்டு பிரான்ஸ் பிரிட்டனின் தோழன், நெப்போலியனைத் தோற்கடித்த கதையைச் சிகரெட்டில் வைத்து விற்பது முறையாகாது என்று தொடர் வெளிவராமல் நிறுத்தப்பட்டது. அட்டைகளில் பொருளே இல்லையென்றால் அச்சாகிவிட்ட சரக்கை எந்த வியாபாரியும் நிறுத்திவைக்க மாட்டான். தேவைப்பட்டபோது அவர்களுக்குப் போரின் காரணம் நன்றாகவே நினைவுக்கு வந்தது.

மேலே சொன்ன ராபர்ட்ஸ் நமக்கும் தெரிந்தவர்தான். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவரானார். தெற்கத்தி ஆட்களுக்குப் போர்க்குணம் போதாது என்று முடிவு கட்டி, 'போர்க்குலங்கள்' என்ற கோட்பாட்டுக்கு அதிகார பலம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். அவருக்குப் பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மதராஸ் காலாட்படையின் பல பட்டாளங்கள் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபிலிருந்து வந்தவர்களைக் கொண்டு நிரப்பப்பட்டன. நம் பெட்டிக்கடைகளில் வெகுகாலம் கோலோச்சிய சிசர்ஸ் சிகரெட்டோடு 1912 வாக்கில் வில்ஸ் இந்தியப் படைப்பிரிவுகளின் தொடர் ஒன்றை வெளியிட்டது. படை ஏற்கெனவே கழித்துச் சலித்த கணக்கைத்தான் அத்தகைய தொடர் ஏதும் காட்ட முடியும். யார் வீரன், யார் இல்லை என்பதை அட்டை தீர்மானிக்கவில்லைதான். தீர்மானம் எங்கே, யாரால், எதற்கு எடுக்கப்பட்டது என்பதன் தடயமே இல்லாமல் அதன் முடிவை மட்டும் தலைப்பாகை நிறங்களாகக் கையில் கொடுத்தது.

மிஞ்சிய அட்டைகளுக்கு இன்று நல்ல காப்பிடங்கள் இருக்கின்றன. சைரக்யூஸ் நகரத்து மின்பொருள் தொழிலாளி ஜெஃபர்சன் பர்டிக், மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிவந்த நிலையிலும், தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்து, மார்ச்சில் இறந்தார். அவர் வகுத்த வரிசை எண்களைத்தான் சேகரிப்பாளர்கள் இன்னும் சொல்கிறார்கள். கின்னியின் இராணுவத் தொடருக்கு N224. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், அவர் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்குரிய சான்றுகளில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் அவருடைய அட்டவணையும் தொடரின் தர்க்கத்தையே நீட்டிக்கிறது. கம்பெனிவாரியாக, எண்வாரியாக எல்லாம் அங்கே இருக்கின்றன. லீக்கும் கிராண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை வேறு எங்காவதுதான் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைகளில் வந்த இந்தத் தளபதிகள் யாருக்காகச் சேவை செய்தார்கள் என்பதை 1890 காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு டியூக், ஆலன் அண்டு ஜின்டர், கின்னி, குட்வின், கிம்பல் ஆகிய ஐந்து கம்பெனிகளும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்று ஒன்றாயின. சிகரெட் சந்தை ஏறத்தாழ முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. போட்டி இல்லாத இடத்தில் அட்டைக்குச் செலவழிப்பது வீண் என்று ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் அவை அமெரிக்க உறைகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. கிராண்டைப் பற்றியோ லீயைப் பற்றியோ யாரும் மனம் மாறிவிடவில்லை, இருவருடைய வேலையும் முடிந்திருந்தது, அவ்வளவுதான். துருக்கி வகைப் புகையிலைச் சிகரெட்டுகளால் சந்தையில் மீண்டும் போட்டி சூடேறிய 1909 வாக்கில் பேஸ்பால் ஆட்டக்காரர்களோடு சீருடைச் சிப்பாய்களும் புதிய தொடர்களாக உறைக்குள் திரும்பினார்கள்.